நீல டேப்

ஹீட்டருக்கு மூன்றடி முன்னால்
தரையில் நீல இன்சுலேஷன் டேப் ஒட்டியிருக்கிறேன்.
ஆறு பிள்ளைகளுக்கும் தெரியும்.
லோஹித் மட்டும் தினமும் காலையில்
அதைப் புதிதாய்ப் பார்க்கிறான்.

ஜூன் மாதக் கோத்தகிரி.
எட்டு மணிக்கும் விளக்கு எரிய வேண்டும்.
உள்கொடியில் பன்னிரண்டு சின்ன சாக்ஸ்,
நேற்றையதே இன்னும் காயவில்லை.
டீ ஃபேக்டரி சங்கு ஊதி முடிப்பதற்குள்
அவன் அம்மா ஸ்கூட்டியைத் திருப்பியிருப்பாள்.
குல்லாயைக்கூடக் கழற்றாமல் போய் நிற்கிறான்.
டேப்பின் மேல் கட்டைவிரல் நுனி.

அவன் பார்ப்பது ஹீட்டரை இல்லை,
என்னை.

"லோஹித், கோடு."
விரல் பின்வாங்குகிறது, ஒரு நெல்லளவு.
நான் திரும்பி ராகிக் கஞ்சி கிளறுகிறேன்.
விரல் முன்னேறுகிறது, இரண்டு நெல்லளவு.
முதுகுப் பக்கமும் எனக்குக் கண் உண்டென்று
போன வாரம் சொல்லிவைத்தேன்.
நாற்காலியில் ஏறி என் கொண்டையைத் தூக்கிப் பார்த்து
"இல்ல" என்றான்,
எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

அதட்டிப் பார்த்தாயிற்று.
வர்க்கி தருகிறேன் என்றேன்,
வாங்கித் தின்றுவிட்டு மிதித்தான்.
கண்டுகொள்ளாமல் இருந்து பார்த்தேன்,
அன்று இரண்டு காலையும் அந்தப் பக்கம் வைத்துக்கொண்டு
பெயர் சொல்லிக் கூப்பிட்டான்.
ஆன்ட்டி கூட இல்லை. வெறும் "ரெஜினா."

செவ்வாய்க்கிழமை
கையைப் பிடித்து இழுத்துவிட்டேன்.
தேவைக்குக் கொஞ்சம் மேலே.
சிரித்தான்.
அது சிரிப்பில்லை என்று தெரிய
எனக்கு ஒரு நிமிடம் ஆனது.
பொம்மைக்குத் தலைவாரிக்கொண்டிருந்த பிரின்சி
சீப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அவன் அம்மாவிடம் நானே சொன்னேன்.
மழைக்கோட்டுப் பொத்தானை மாட்டியபடி
"நானும் இழுத்திருக்கேன் அக்கா" என்றாள்.
அதில் எனக்கு ஆறுதல் இருக்கக் கூடாது.
இருந்தது.

புதனிலிருந்து ஒரே குரல்.
கோபம் கிடையாது, கொஞ்சல் கிடையாது,
பஸ் கண்டக்டர் ஸ்டாப் பெயர் சொல்வது மாதிரி:
"கோடு வரைக்கும்."
முதல் நாள் நாற்பத்தொரு தடவை.
எண்ணினேன்,
எண்ணாவிட்டால் கத்தியிருப்பேன்.

வெள்ளி மதியம் கரண்ட் போனது.
ஹீட்டர் கம்பி சிவப்பு வற்றிக் கறுத்தது.
வந்து நின்றான்.
"இப்ப சுடாது."
"சுடாது."
"அப்ப?"

கையில் கரண்டி. வாயில் ஒன்றுமில்லை.
ஜன்னலுக்கு வெளியே மஞ்சு விலகி
வேலிக்கு அப்பால் ஒரு காட்டெருமை தெரிந்தது.
துருப்பிடித்த ஒற்றைக் கம்பிதான் நடுவில்.
அதைக் காட்டி ஏதாவது சொல்லலாமா என்று நினைத்தேன்.
நாளைக்கே அது முட்டைக்கோஸ் பாத்தியில் நின்றால்
என்ன சொல்வது?

"கரண்ட் எப்ப வரும்னு
எனக்குத் தெரியாது" என்றேன்.
"உனக்கா?"
"எனக்குத்தான்."
என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு சம்மணம் போட்டு உட்கார்ந்தான்,
முட்டி இரண்டும் டேப்புக்கு இந்தப் பக்கம்,
ஒரு நெல்லளவு.
பிரின்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.
மற்ற நான்கு பேரும், ஏனென்று கேட்காமலே.

டிக்கென்று ஒரு சத்தம். கம்பி சிவந்தது.
"வந்துருச்சு" என்றான்,
தானே போய்க் கூட்டிவந்த மாதிரி.

அன்று மாலை அவன் அம்மா தாமதம்.
ஈர சாக்ஸோடு உள்ளே வந்தவள்
விறைத்த கைகளை நீட்டிக்கொண்டு
நேராக ஹீட்டருக்குப் போனாள்.
"அம்மா. கோடு வரைக்கும்."
கோபம் கிடையாது, கொஞ்சல் கிடையாது.
பின்னால் காலெடுத்து வைத்துவிட்டு
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் சாக்ஸை எடுப்பது போல் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை.
சங்கு ஊதுகிறது, குல்லாய் வருகிறது.
டேப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.
நேராக அலமாரிக்குப் போகிறான்.
கத்தரிக்கோல் இருக்கிற தட்டுக்குக் கீழே
நுனிக்காலில் எம்பி
என் பக்கம் முகத்தைத் திருப்புகிறான்.